பொறிக்குள் விழாத நுளம்பு

2002ஆம் ஆண்டு கோடை. எனக்குப் பதினான்கு வயது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்றோடை ஓடும். அதன் கரையில் நின்ற மரத்தில் ஒரு நாள் மாலை யாரோ ஒரு விசித்திரமான சாமானைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே தட்டு மாதிரி ஒரு மூடி. அதன் கீழே ஒரு குட்டிக் குழாய், குழாயின் வாயில் சின்ன மின்குமிழ், அடியில் வலைப் பை. பக்கத்தில் தொங்கிய வாளியிலிருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு "குண்டு" என்றான். ஊரில் குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு அது பகிடியாகப் படவில்லை. இரண்டு பேரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து பையைக் கழற்றினார். நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டேன். நுளம்பு பிடிக்கும் பொறியாம். மேற்கு நைல் வைரஸ் அந்த வருடம்தான் ஒன்ராரியோ மனிதர்களுக்கு முதன்முதலாகத் தொற்றியிருந்தது. ஒவ்வொரு கிழமையும் நுளம்புகளைப் பிடித்து, இனம் பிரித்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்களாம். "அப்போ இங்கே எத்தனை நுளம்பு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இந்தப் பொறிக்குள் வர விரும்பிய நுளம்பு எத்தனை என்று மட்டும் தெரியும்" என்றார்.

பதினான்கு வயதில் அதை ஒரு கெட்டிக்காரத்தனமான பதிலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று தெரியப் பல வருடங்கள் ஆகின. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

தொடங்குமுன் ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள் "கொசு" என்பீர்கள். எங்கள் வீட்டில் அது நுளம்பு. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன் மதுரைக் குடும்பத்துப் பையன். "நுளம்பு கடிக்குது" என்று நான் முதல்முறை சொன்னபோது ஏதோ புதுப் பூச்சியாக்கும் என்று பயந்து கட்டிலை விட்டு இறங்கிவிட்டான். இரண்டும் ஒன்றுதான். நான் நுளம்பு என்றே எழுதுகிறேன்.

வெளியில் பறக்கும் நுளம்பை எண்ண வேண்டும் என்று முதலில் நினைத்தவர்களிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது மனித உடம்பு. சாயங்காலம் ஒருவர் காலை முழங்கால் வரை திறந்துகொண்டு உட்காருவார். நுளம்பு வந்து குந்தும்போது ஒரு கண்ணாடிக் குழாயால் அதை மூடியோ உறிஞ்சியோ பிடிப்பார். ஒரு மணி நேரத்தில் எத்தனை குந்தின என்பதுதான் கணக்கு. மனிதரை எத்தனை கடிக்கும் என்பதை நேரடியாகவே சொல்லும் முறை இது. அதனால் இன்றுகூட ஒரு புதுப் பொறி வந்தால் அதை இந்த மனிதக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தக் கால் யாருடைய கால்? 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், நுளம்புக்குள் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டுபிடித்தார். அதற்காக நுளம்புகளுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்தவர் ஹுசைன் கான் என்ற நோயாளி. ஒரு நுளம்புக்கு ஓர் அணா கூலி. ரொஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானுக்கு அணாக்கள் கிடைத்தன. அங்கே நடந்தது எண்ணும் வேலை இல்லை, உண்மைதான். ஆனாலும் நுளம்பு ஆராய்ச்சியில் யாருடைய தோல் கருவியாகிறது என்பதற்கு அந்த அணாக் கணக்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொறிகள் கண்டுபிடிக்கப்பட்டதற்கு ஒரு நல்ல காரணம், ஆளை விட்டுக் கடிக்க வைப்பதை நிறுத்துவது. இன்னொரு காரணம் கணக்கியல் சம்பந்தப்பட்டது. என்னையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் அவனுக்கு இருபது கடி, எனக்கு மூன்று. ஒவ்வோர் ஆளும் ஒவ்வோர் அளவுகோல் என்றால் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் எப்படி ஒப்பிடுவது?

இந்தக் கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்ட இடம் நியூ ஜேர்சி. வேலை காரணமாக நான் அங்கே இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். நுளம்புதான் எங்கள் மாநிலப் பறவை என்று அந்த ஊர்க்காரர்களே பகிடி விடுவார்கள். கடலோரம் நெடுக உப்புச் சதுப்பு நிலம். அங்கே பிறக்கும் நுளம்பு பல மைல் தூரம் உள்நாட்டுக்குப் பறந்து வந்து கடிக்கும் என்பதைக் காட்டியவர் ஜோன் பி. ஸ்மித் என்ற பூச்சியியலாளர். 1904இல் அந்த மாநிலத்தின் நுளம்புகள் பற்றி அவர் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். 1912இல் ஒவ்வொரு கவுண்டிக்கும் நுளம்பு ஒழிப்பு ஆணைக்குழு வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆணைக்குழு என்றால் வரிப்பணம். வரிப்பணம் என்றால் "இவ்வளவு வாய்க்கால் வெட்டினீர்களே, நுளம்பு குறைந்ததா?" என்று மக்கள் கேட்பார்கள். பதிலுக்கு ஓர் எண் வேண்டும்.

அந்த எண்ணைக் கொடுக்க ரட்கர்ஸில் இருந்த தோமஸ் ஹெட்லி ஒரு பொறியை உருவாக்கினார். 1932இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு தோமஸ் மல்ஹெர்ன் 1942இல் அதன் அளவுகளையும் அமைப்பையும் விளக்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். நியூ ஜேர்சி வெளிச்சப் பொறி என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது அதுதான்.

இரண்டாவது வருடம், ஒரு கவுண்டித் திருவிழாவில் நுளம்புத் துறைக்காரர்கள் போட்டிருந்த மேசையில் அதைப் பார்த்தேன். கனமான உலோகக் குழாய், கூம்பு வடிவத் தொப்பி. உள்ளே 25 வாட் மின்குமிழ். வெளிச்சத்துக்கு வரும் பூச்சியை மின்விசிறி கீழே இழுக்கும். அடியில் விஷப் புட்டி. பழைய காலத்தில் அதற்குள் சயனைட்டு வைத்திருப்பார்கள். தூக்கிப் பார்த்தேன், ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்குவது போல இருந்தது. சுவர் மின்சாரத்தில் ஓடும். எல்லாப் பொறியும் ஒரே மாதிரி, ஒரே வெளிச்சம், ஒரே காற்று, அந்தி முதல் விடியும் வரை. என்னுடைய கால், தம்பியுடைய கால் என்ற பிரச்சினை அதற்கு இல்லை. பொறியியல் படித்தவனுக்கு இதை விட அழகான சாமான் கிடையாது.

ஆனால் அது சுவர் மின்சாரத்தில் ஓடும் என்றேன் அல்லவா? அந்த ஒரு வசதி, பொறி எங்கே இருக்க முடியும் என்பதையே தீர்மானித்துவிட்டது. மின்கம்பி போன இடத்தில் மட்டும் நுளம்பு கணக்கெடுக்கப்பட்டது. தெருவிளக்குக்குக் கீழே தொலைத்த திறப்பைத் தேடுவது போல. அதோடு, வெளிச்சத்துக்கு வருவது நுளம்பு மட்டுமா? அந்துப்பூச்சி, வண்டு, ஈ எல்லாம் விழும். ஒரு புட்டியைக் கொட்டி நாலு மணி நேரம் சிறு இடுக்கியால் பொறுக்கிய கதையை அந்த மேசையில் நின்ற முதியவர் சொன்னார். விழுந்தவை எல்லாம் செத்துக் காய்ந்திருக்கும். எண்ணலாம். உள்ளே வைரஸ் இருந்ததா என்று பார்க்க முடியாது.

அவர்கள் தொடங்கியபோது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏனென்றால் அன்று கேள்வி வேறு: மக்களுக்கு எவ்வளவு தொல்லை? வரிகட்டுகிறவர் வாசலில் உட்கார முடிகிறதா? அதற்கு அந்தப் பொறி போதும். கேள்வி மாறியபோதுதான் பொறியும் மாற வேண்டி வந்தது.

மாற்றியது நோய். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தென்பகுதி இராணுவ முகாம்களைச் சுற்றி மலேரியாவைத் தடுக்க அட்லாண்டாவில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். போர் முடிந்ததும் 1946இல் அது ஒரு நிரந்தர நிறுவனமானது. கொவிட் காலத்தில் நாம் எல்லோரும் தினமும் பெயர் கேட்ட அதே சிடிசி. நுளம்பை விரட்டப் பிறந்த நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. 1962இல் அங்கே வேலை செய்த சுடியாவும் சேம்பர்லினும் ஒரு சின்னப் பொறியைப் பற்றி எழுதினார்கள். பற்றறியில் ஓடும், கையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். மின்குமிழ் சின்னது. விஷப் புட்டிக்குப் பதிலாக வலைப் பை. நுளம்பு உயிரோடு கிடைக்கும், அதைக் குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் வைரஸ் தேடலாம். ஸ்காபரோ மரத்தில் தம்பி குண்டு என்று சொன்னது இந்தப் பொறியின் பேரப்பிள்ளையைத்தான்.

அப்படியென்றால் வாளியில் புகைந்தது என்ன? உலர் பனிக்கட்டி. அம்மா படித்த பாடப்புத்தகத்தில் காபனீரொட்சைட்டு, உங்கள் தமிழ் வகுப்பில் ஒருவேளை கார்பன் டை ஆக்சைடு. அதைக் கடுமையாகக் குளிர்வித்து உறைய வைத்த கட்டி. உருகாமல் நேரே வாயுவாகும். நாமும் மாடும் நாயும் மூச்சில் விடுவது அதே வாயு. இருட்டில் இரத்தம் தேடும் பெண் நுளம்புக்கு அந்த வாயு "இங்கே ஓர் உயிர் மூச்சு விடுகிறது" என்ற செய்தி. இதையும் நியூ ஜேர்சியில்தான், 1922இலேயே வில்லம் ருடொல்ஃப்ஸ் என்பவர் எழுதிவைத்திருந்தார். பொறிக்காரர்கள் அதை வழக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கப் பல பத்தாண்டுகள் போயின. அது ஏன் என்று எனக்கு இன்றும் வியப்பு. உலர் பனிக்கட்டியைத் தினமும் காட்டுக்குள் சுமப்பது லேசான வேலை இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, வெளிச்சமும் மூச்சும் கொடுத்தாயிற்று. இனி எல்லா நுளம்பும் வந்துவிடுமா? வராது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி பகலில் கடிக்கும் இனம். இராத்திரி விளக்கு அதற்கு எதற்கு? வெளிச்சப் பொறியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தைப் பார்த்தால் ஈடிஸ் அங்கே இல்லை என்றே தோன்றும். பிள்ளைகளோ காய்ச்சலில் கிடப்பார்கள்.

அறுபதுகளில் அமெரிக்கா தன் மண்ணிலிருந்து ஈடிஸ் ஈஜிப்டியை அழிக்க ஒரு திட்டம் நடத்தியது. திட்டம் வெற்றி பெறவில்லை, ஆனால் ஒரு போத்தலை விட்டுப்போனது. ஃபே, பெரி என்ற இருவர் 1965இல் எழுதியது. கறுப்புப் பூசிய கண்ணாடிப் போத்தல், பாதிக்குத் தண்ணீர், உள்ளே சொரசொரப்பான ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான். மின்குமிழ் இல்லை, விசிறி இல்லை, பற்றறி இல்லை. ஈடிஸ் நிழலான சின்னப் பாத்திரங்களில் முட்டையிடும், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டும். அந்த மரச்சட்டத்தில் ஒட்டும் முட்டைகளை ஒரு கிழமை கழித்து எண்ணலாம். நுளம்பைப் பிடிக்காமலே நுளம்பு இருப்பதை அறியும் முறை. என் கண்ணில் இந்த வரலாற்றிலேயே மிகவும் கெட்டிக்காரத்தனமான சாமான் இதுதான், விலையோ ஒரு ஜாம் போத்தலின் விலை. இதே எண்ணத்தின் வழியில் வந்ததுதான் இன்று சிங்கப்பூரின் அடுக்குமாடி நடைகளில் வைத்திருக்கும் கிராவிட்ராப். கறுப்பு உருளை, உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், பசை பூசிய சுவர். முட்டையிட வரும் ஈடிஸ் ஒட்டிக்கொள்ளும். அங்கே பல்லாயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்குப் போனால் படிக்கட்டுப் பக்கம் பாருங்கள். குப்பைவாளி என்று நினைத்து எதையும் போட்டுவிடாதீர்கள்.

1983இல் போல் ரைட்டர் இதே யோசனையை கியூலெக்ஸ் இனத்துக்குக் கொண்டுபோனார். கியூலெக்ஸ் நாற்றமடிக்கும் அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும். ஆகவே ஒரு தட்டில் வைக்கோலை நாட்கணக்கில் ஊறவைத்த தண்ணீர், அதற்கு மேலே உறிஞ்சும் விசிறி. வயிற்றில் முட்டையோடு வருபவை விசிறியில் மாட்டும். ஏன் இவ்வளவு பாடு, மூச்சுப் பொறியே போதாதா என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள்: மூச்சுக்கு வருபவை பசியோடு இருப்பவை. அவற்றில் பல பிறந்ததிலிருந்து ஒரு முறைகூட இரத்தம் குடித்திருக்காது. குடிக்காததற்குள் வைரஸ் எப்படி வரும்? முட்டையோடு வருவது ஏற்கெனவே எதையோ கடித்துவிட்டு வந்தது. வைரஸைத் தேடுபவருக்கு அப்படிப்பட்ட ஐம்பது நுளம்பு, பசித்த ஐந்நூறை விடப் பயன் தரும்.

இது வெறும் நுணுக்கம் இல்லை என்பதை 1999 காட்டியது. நியூ யோர்க் குவீன்ஸில் வயதானவர்கள் மூளைக் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் அதைச் செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று நினைத்தார்கள். அதே நேரத்தில் நகரத்துக் காகங்கள் செத்து விழுந்தன. பிராங்ஸ் மிருகக்காட்சிச்சாலைப் பறவைகளும் செத்தன. இரண்டும் ஒரே நோய் என்று அங்கே இருந்த நோயியலாளர் திரேசி மெக்நமாரா விடாமல் சொன்னார். கடைசியில் அது மேற்கு நைல் என்று தெரிந்தது. அந்தப் பகுதியில் அந்த வருடம் 62 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். செய்தியை முதலில் சொன்னவை காகங்கள். நுளம்புப் பொறிகள் சொல்லவில்லை. 2001இல் வைரஸ் ஒன்ராரியோவின் வின்சர் நகரத்துக் காகங்களில் இருந்தது, அடுத்த வருடம் எங்கள் ஓடைக்கரையில் வாளி புகைந்தது.

பிறகு வந்தது ஆசியப் புலி நுளம்பு, ஈடிஸ் அல்போபிக்டஸ். கறுப்பு உடம்பு, வெள்ளை வரி, பகலில் கடி. 1985இல் ஹியூஸ்டனில் குடியேறியிருப்பது தெரிந்தது, பழைய டயர்களோடு கப்பலேறி வந்தது என்கிறார்கள். 1995இல் நியூ ஜேர்சியில். 2016இல் வின்சரில். ஜேர்மனியில் ரீகன்ஸ்பேர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரிப் பகல் நுளம்புகளுக்காகவே ஒரு பொறி செய்தார்கள். பிஜி சென்டினல் என்று பெயர். பார்ப்பதற்கு அழுக்குத்துணிக் கூடை மாதிரி இருக்கும். வெள்ளைத் துணி, நடுவில் கறுப்புத் துளை. விசிறி காற்றை உள்ளே இழுத்துத் துணி வழியாக மெல்ல மேலே அனுப்பும், நம் உடம்புச் சூட்டில் எழும் காற்றைப் போல. உள்ளே ஒரு வாசனைப் பொதி: லக்டிக் அமிலம், அமோனியா, ஒரு கொழுப்பமிலம். சுருக்கமாக, நம் வியர்வை. ஒரு நூற்றாண்டு சுற்றி மறுபடியும் மனித உடம்புக்கே வந்துவிட்டோம். இந்த முறை ஹுசைன் கான் இல்லாமல்.

இது பழைய பொறிகளை விட நல்லதா? இதைக் கேட்டு நியூ ஜேர்சியின் மெர்சர் கவுண்டியில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2009இல் வெளிவந்தது. சிடிசி பொறி, முட்டைப் பொறி, பிஜி மூன்றையும் வைத்துப் பார்த்ததில் புலி நுளம்பைப் பிடிப்பதில் பிஜி மற்ற இரண்டையும் தெளிவாக முந்தியது.

எனக்குப் பிடித்தது, இப்படிப்பட்ட ஒப்பீட்டை எப்படிச் செய்வார்கள் என்பது. மூன்று பொறியை மூன்று மரத்தில் கட்டிவிட்டு எண்ணினால் போதாது. ஒரு மரம் டயர்க்குவியலுக்குப் பக்கத்தில் இருக்கலாம். அங்கே தொங்கிய பொறி ஜெயித்தால் அது பொறியின் திறமையா, டயரின் புண்ணியமா? அதனால் இடத்தை மாற்றுவார்கள். இன்றிரவு ஒன்றாம் மரத்தில் தொங்கியது நாளை இரண்டாம் மரத்தில், மறுநாள் மூன்றாம் மரத்தில். ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு மரத்திலும் ஒருமுறை, ஒவ்வோர் இரவிலும் ஒருமுறை. கட்டம் போட்டு எழுதினால் சுடோக்கு மாதிரியே இருக்கும். இலத்தீன் சதுரம் என்று இதற்குப் பெயர். மழை பெய்த இரவின் பாவமும் டயர் மரத்தின் புண்ணியமும் மூவருக்கும் சமமாகப் பங்கிடப்படும். நான் முதுகலையில் இதைப் படித்தபோது பரீட்சைக்குப் பாடமாக்கினேன். எதற்கு என்று விளங்கியது நுளம்பில்தான்.

விளங்கிய பிறகும் பிழைவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் கணினித் தொகுதியைக் கண்காணிக்கும் வேலை என் பொறுப்பில் இருந்தது. பிழைச் செய்திகளை எண்ணி வரைபு போடும் ஒரு நிரலை நானே எழுதினேன். மூன்று நாள் வரைபில் பூச்சியம். எல்லோரும் கை குலுக்கினோம். நாலாம் நாள்தான் தெரிந்தது, பிழைகள் வேறு ஒரு வழியால் போய்க்கொண்டிருந்தன, என் நிரல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பொறிக்குள் நுளம்பு இல்லை, வெளியில் ஊர் முழுக்கக் கடி. அன்று இரவு ஓடைக்கரைப் பெண்ணின் பதில் ஞாபகம் வந்தது. அதன் பிறகுதான் இந்தப் பொறிகளின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன், படிக்கப் படிக்க அது எங்கள் ஊரில் போய் நின்றது.

அம்மா மன்னார்த் தீவில் பேசாலைக்காரி. சின்ன வயதில் அவருக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கியதும் குளோரோகுயின் குளிசையின் கசப்பும் இன்னும் ஞாபகம் என்பார். அது அறுபதுகளின் கடைசி. அந்த வருடங்களின் கணக்கைத் தேடிப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். 1934-35இல் இலங்கையில் சுமார் 80,000 பேரைக் கொன்ற நோய் மலேரியா. டிடிடி தெளித்துத் தெளித்து 1963இல் நாடு முழுவதிலும் 17 பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பதினேழே பேர். வென்றுவிட்டோம் என்று தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். அந்த ஐந்து இலட்சத்து அலையில்தான் பேசாலையில் ஒரு சின்னப் பெண் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

யுத்த காலத்தில் வடக்கும் கிழக்கும் மலேரியாவில் கிடந்தன. 1999இல் மட்டும் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் நோயாளிகள். பிறகு குறைந்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

இந்த முறை எண்ணுவதை அவர்கள் நிறுத்தவில்லை. நோயாளி இல்லாத நாட்டிலும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஆட்கள் வழமை போல ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முறைகளில் ஒன்று மாட்டுப் பொறி. அந்தியில் ஒரு வலைக்கூடாரத்துக்குள் மாட்டைக் கட்டிவைத்து, கீழே வலையைக் கொஞ்சம் தூக்கி விடுவார்கள். மாட்டின் மூச்சுக்கு வந்து, குடித்துவிட்டு, வலையின் உட்பக்கத்தில் களைப்பாறும் நுளம்புகளை உறிஞ்சு குழாயால் பிடிப்பார்கள். விசிறி இல்லை, விளக்கு இல்லை. இன்னொரு முறை, கிணறுகளையும் தொட்டிகளையும் எட்டிப் பார்த்துக் குடம்பி தேடுவது.

சான்றிதழ் கிடைத்து நான்கு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. 2016 டிசம்பர் இறுதியில் மன்னாரில் நடந்த அப்படியொரு வழமையான ஆய்வில் அந்த மண்ணில் அதுவரை பதிவாகாத ஓர் இனம் கிடைத்தது: அனோபிலஸ் ஸ்டெபென்சி. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையிலும் இந்தியாவின் மற்ற நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு. இலங்கையில் பழைய எதிரி ஆற்றுக் குட்டைகளில் பிறந்தது. இதுவோ கட்டுக் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலும் பிறக்கும், நகரம் இதற்கு நல்ல வீடு. மன்னாரில் இதன் குடம்பிகள் வீட்டுக் கிணறுகளில் இருந்தன. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

இதைக் காணாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், ஜிபூட்டியைப் பார்க்கலாம். ஆபிரிக்காவின் கிழக்கு முனையில் ஒரு சின்ன நாடு. இதே நுளம்பு அங்கே தெரியவந்த 2012இல் மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். பக்கத்தில் எதியோப்பியாவுக்கும் அது போனது. அங்கே இதைத் தேடியவர்களுக்குப் பெரிய தலையிடி, வழக்கமான வெளிச்சப் பொறிகளில் இது மிகக் குறைவாகத்தான் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்குள் பார்த்தால் குடம்பிகள் நெளிந்தன. சிடிசி பொறி உலகத்தரமான சாமான், நானே அதன் ரசிகன். ஆனால் அதை மட்டும் மரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தால் வரைபில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போயிருக்கும். கை குலுக்கியிருப்பார்கள்.

மன்னாரில் கிணறுகளுக்குள் குடம்பி தின்னும் சிறு மீன்களை விட்டார்கள், பாவிக்காத கிணறுகளை மூடினார்கள்.

இதையெல்லாம் போன மாதம் அம்மாவுக்குச் சொன்னேன். மாட்டுப் பொறி என்றதும் சிரித்தார். "எங்கட வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னேரம் போனா நுளம்புதான், அதுக்கு என்னத்துக்கு வலை?" என்றார். கிணற்றைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. அப்போது பேசாலையில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அதையும் பாராமல் மாமாவுக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணை, எங்கட கிணத்துக்குள்ள மீன் விட்டவையோ?"

மாமா நித்திரைக் குரலில், விட்டார்கள் என்றும், முதலில் விட்டதைக் கொக்கு தின்றுவிட்டது என்றும், திரும்ப வந்து விட்டுப்போனார்கள் என்றும் சொன்னார். யாராவது வந்து பார்க்கிறார்களா என்று அம்மா கேட்டார். ஒரு பெடியன் மோட்டார்சைக்கிளில் வருவானாம். டோர்ச் அடித்து உள்ளே பார்ப்பானாம். ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவானாம்.